விலங்கு ஓவியம் எங்கே பிசகுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் டிஜிட்டலில் விலங்கு வரையச் சொல்லித் தருகிறேன். பள்ளிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று எல்லா வயதிலும் வருகிறார்கள். வந்ததும் பெரும்பாலானவர்கள் சொல்வது ஒன்றுதான்: ‘எனக்கென்று ஒரு பாணி வரவே மாட்டேன் என்கிறது.’ படத்தைத் திறந்து பார்த்தால் கோளாறு பாணியில் இருக்காது. காலில் இருக்கும், கண்ணில் இருக்கும், சில நேரம் தேய்ந்துபோன பேனா முனையில் இருக்கும்.

அதனால் உங்கள் படத்தில் கண்ணுக்குத் தெரிகிற அறிகுறியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அது இல்லை என்று உறுதியான பிறகு அடுத்ததற்குப் போனால் போதும்.

## எதற்கும் முன்னால் இரண்டு சோதனைகள்

கேன்வாஸை இடம் வலமாகப் புரட்டிப் பாருங்கள். கிரிட்டா என்ற இலவச ஓவியச் செயலியில் எம் விசையைத் தட்டினால் புரளும். மற்ற செயலிகளிலும் இந்த வசதி இருக்கிறது. இரண்டு மணி நேரம் பார்த்துப் பழகிய கோணல் புரட்டிய நொடியில் தெரிந்துவிடும்.

அப்புறம் படத்தை நகலெடுத்து, விலங்கு முழுவதையும் கறுப்பால் நிரப்புங்கள். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு ‘இது என்ன?’ என்று மட்டும் கேளுங்கள். வேறு எதுவும் சொல்லாதீர்கள்.

- தயங்குகிறார்கள், அல்லது வேறு விலங்கின் பெயரைச் சொல்கிறார்கள்: கால், விறைப்பு ஆகிய பகுதிகளுக்குப் போங்கள்.
- நிழலுருவைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள், முழுப் படம்தான் ஒட்டவில்லை: முகம், ரோமம், நிறம்.
- எல்லாம் சரி, ஆனால் யார் வரைந்தது என்றே தெரியவில்லை: பாணி பற்றிய பகுதி.

## அறிகுறி: கால் ஒடிந்தது போல இருக்கிறது

என்னிடம் வருகிற படங்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

மூட்டை மாற்றிப் புரிந்துகொண்டிருக்கலாம். நாயின் பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருப்பதை முழங்கால் என்று நினைக்கிறோம். அது குதிகால். நாய் எப்போதும் விரல்களில்தான் நிற்கிறது. உண்மையான முழங்கால் மேலே, வயிற்றுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் மடியும். முன்னங்காலிலும் இதே கதை. மாட்டுக்கும் குதிரைக்கும் முன்னங்கால் நடுவில் தெரிகிற மூட்டு நம் மணிக்கட்டுக்குச் சமம். முழங்கை மேலே, நெஞ்சை ஒட்டி இருக்கிறது.

சோதனை: படத்தின் மேல் புது லேயர் (கண்ணாடித் தாள் போன்ற தனி அடுக்கு) போட்டு, சிவப்பில் ஆறு புள்ளிகள் வையுங்கள். முன்னால் தோள், முழங்கை, மணிக்கட்டு. பின்னால் இடுப்பு, முழங்கால், குதிகால். எந்தப் புள்ளியை வைக்கக் கை தயங்குகிறதோ, கோளாறு அங்கேதான். ரெஃபரன்ஸ் புகைப்படத்தின் மேலும், அதாவது நீங்கள் பார்த்து வரைகிற புகைப்படத்தின் மேலும், அதே ஆறு புள்ளிகளை வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னும் பிடிபடவில்லையா? கதவைச் சாத்திவிட்டுத் தரையில் கையூன்றி, முழங்காலைத் தூக்கி, கால்விரல்களில் மட்டும் நின்று பாருங்கள். உங்கள் குதிகால் காற்றில் நிற்கும் இடம்தான் நாயின் அந்தப் ‘பின்பக்க முழங்கால்’. வகுப்பில் இதைச் செய்து பார்த்தவர்கள் மறுபடி அந்தத் தவறைச் செய்து நான் பார்த்ததில்லை.

எல்லா விலங்குக்கும் ஒரே காலைப் போட்டிருக்கலாம். நாய் விரலில் நிற்கிறது. மாடும் ஆடும் இரண்டு விரல்களின் நகத்தில் நிற்கின்றன. குளம்பு என்பது நகம்தான். குதிரை ஒரே விரலின் நகத்தில் நிற்கிறது. கரடி நம்மைப் போல உள்ளங்காலைப் பதித்து நடக்கும். யானைக்கு நாயின் பின்னங்காலைப் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். யானையின் முழங்கால் நன்றாகக் கீழே இறங்கி, வெளியே தெரிகிற மாதிரி இருக்கும், நம்முடையதைப் போல முன்னோக்கி மடியும். அதன் குதிகால் தரையை ஒட்டிய கொழுப்புத் திண்டுக்குள் மறைந்திருக்கிறது. பறவைக்குத் தொடையும் முழங்காலும் இறகுக்குள். வெளியே தெரிகிற மடிப்பு கணுக்கால்.

தோள்பட்டை அசையாமல் இருக்கலாம். நமக்கு இருப்பதுபோல நாய்க்கும் மாட்டுக்கும் தோளை மார்போடு இணைக்கும் காறையெலும்பு இல்லை. தோள்பட்டை எலும்பு தசையில் தொங்குகிறது. பூனை பதுங்கி நடக்கும்போது முதுகுக்கு மேல் இரண்டு மேடுகள் மாறி மாறி எழுவது இதனால்தான். நடக்கிற விலங்குக்குத் தோளை ஒரே இடத்தில் ஆணியடித்து வைத்தால், கால் மட்டும் தனியாக மாட்டிவிட்டது போலத் தெரியும்.

எப்போது வெளியே உதவி தேட வேண்டும்: பாடநூலுக்கோ கால்நடை சம்பந்தமான விளம்பரப் பலகைக்கோ வரைகிறீர்கள் என்றால், முடிக்கும் முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. நாம் மூன்று முறை பார்த்தும் தவறவிட்டதை அவர் முதல் பார்வையில் சொல்லிவிடுவார்.

## அறிகுறி: விறைப்பாக, பஞ்சு அடைத்தது போல இருக்கிறது

முதல் காரணம், பக்கவாட்டுத் தோற்றத்தையே திரும்பத் திரும்ப வரைவது. இரண்டாவது, நின்றுகொண்டிருக்கும் புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஓட வைக்க முயல்வது.

1878ல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையை வரிசையாகப் படமெடுத்துக் காட்டும்வரை, ஐரோப்பிய ஓவியர்கள் பலர் பாயும் குதிரைக்கு முன்கால்களை முன்னாலும் பின்கால்களைப் பின்னாலும் நீட்டித்தான் வரைந்தார்கள். நான்கு காலும் தரையை விட்டு எழுவது உண்மைதான். ஆனால் அது நடப்பது கால்கள் வயிற்றுக்குக் கீழே ஒன்றுசேரும் நொடியில். அந்த நொடியைக் கண்ணால் பிடிக்க முடியாது, கேமராவால் முடியும். உங்கள் போனிலேயே ஸ்லோமோஷன் இருக்கிறது. தெருநாய் ஒன்று ஓடுவதைப் பத்து விநாடி எடுத்து, ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் 30 விநாடிக்குள் கிறுக்குங்கள். அன்டூ கூடாது. தலை உச்சியிலிருந்து வால் நுனிவரை முதுகெலும்புக்கு ஒரே ஒரு கோடு, அதைத்தான் முதலில் போட வேண்டும். இருபது கிறுக்கலுக்குப் பிறகு பழைய படத்தைத் திறந்தால் எங்கே விறைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

## அறிகுறி: முகத்தில் மனிதச் சாயல், அல்லது பொம்மைச் சாயல்

நேராகக் கண்ணுக்குப் போங்கள். நாம் பழக்கத்தில் வெள்ளைவிழி, வட்டக் கண்மணி, மேலே ஒரு வெளிச்சப் புள்ளி என்று மனிதக் கண்ணையே வைத்துவிடுகிறோம். பெரும்பாலான விலங்குகளுக்கு வெள்ளைவிழி சாதாரணமாக வெளியே தெரியாது. பயந்து மிரளும்போதுதான் தெரியும். அதனால் நீங்கள் சாதுவான பசு வரைய, பார்க்கிறவருக்கு மிரண்ட பசு தெரிகிறது.

எதிர்வீட்டில் கட்டியிருந்த வெள்ளாட்டின் கண்ணை ஒருநாள் ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தேன் நிறம். நடுவே படுக்கைவாட்டில் ஒரு நீள்சதுரம், உண்டியல் துளை மாதிரி. தலையைக் குனிந்து தழையைக் கடித்தபோதும் அந்தத் துளை தரைக்கு இணையாகவே நின்றது. தலை சாய்ந்த அளவுக்குக் கண் சுழன்றுகொண்டது. அதற்குப் பிறகு மேயும் ஆட்டை வரைந்தால் முதலில் அதைத்தான் போடுகிறேன். வீட்டுப் பூனைக்கு வெளிச்சத்தில் நெட்டுக்குத்தான கீறல். புலிக்கும் சிங்கத்துக்கும் வட்டம். புலிக்குப் பூனைக் கண் வைப்பது அடிக்கடி நடக்கிற தவறு.

கண் சரியாக இருந்தும் ஒட்டவில்லை என்றால் காதைப் பாருங்கள். மாட்டின் காது கொம்புக்குக் கீழே, பக்கவாட்டில் இருக்கிறது; கொம்புக்கு முன்னால் நெற்றியில் இல்லை.

ஆடு விஷயத்தில் இன்னொன்று. நம் ஊர்ச் செம்மறிகள் பலவற்றுக்குச் சுருள் கம்பளி கிடையாது. தூரத்தில் வெள்ளாடு போலவே இருக்கும். வெள்ளாட்டின் வால் பெரும்பாலும் மேல்நோக்கி நிற்கும், செம்மறியின் வால் தொங்கும். வாலை மாற்றிப் போட்டால் ஆடு வளர்ப்பவர் உடனே கேட்பார்.

## அறிகுறி: ரோமம் புல் மாதிரி, கம்பி மாதிரி இருக்கிறது

ஜூம் செய்துகொண்டே வரைந்திருக்கலாம். 400 சதவீதத்தில் நின்று ஒவ்வொரு மயிராக இழுத்திருப்பீர்கள். 25 சதவீதத்துக்கு வாருங்கள். அங்கே தெரியாத மயிர் எதுவும் படத்துக்குத் தேவையில்லை.

திசை தவறியிருக்கலாம். ரோமம் மூக்கு நுனியில் தொடங்கி, நெற்றியில் மேலேறி, கழுத்து வழியாகப் பின்னோக்கிப் போகிறது. கன்னத்தில் பக்கவாட்டில் திரும்புகிறது. நெஞ்சில் பல நாய்களுக்குச் சுழி இருக்கும். தனி லேயரில் அம்புக்குறிகளாக இதை முதலில் போட்டுவிடுங்கள். முடித்ததும் அந்த லேயரை மறைத்துவிடலாம்.

நீளம் எங்கும் ஒன்றாக இருக்கலாம். மூக்குத்தண்டில் வெல்வெட் போலக் குட்டை, கழுத்தில் நீளம், தொடையின் பின்பக்கத்தில் இன்னும் நீளம். வெளிக்கோடு முழுக்க மயிர் நீட்டாதீர்கள். உடல் வளைகிற இடங்களில், அதாவது கழுத்து, முழங்கை, தொடைப் பின்புறம், வால் ஆகியவற்றில் மட்டும் கோட்டை உடையுங்கள். மற்ற இடங்களில் கோடு சுத்தமாக ஓடட்டும்.

மயிரைத் தொகுதியாகப் பார்க்கவில்லை. முதலில் உடலின் பெரிய வெளிச்சம், நிழல். அடுத்து, பெரிய பிரஷ்ஷில் கற்றைகள். கடைசியில் மட்டும் வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற எல்லையில் சில தனி மயிர்கள். நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். ரோம பிரஷ் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினால் சரியாகிவிடும் என்றும் நம்புகிறார்கள். இந்த மூன்று படியும் கைவந்த பிறகு வாங்குங்கள், அப்போது அது உண்மையிலேயே உதவும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற குட்டை ரோம நாய்களுக்கு மயிரே வரைய வேண்டாம். தோலுக்கு அடியில் தசையும் விலா எலும்பும் எப்படி வெளிச்சத்தை வாங்குகின்றன என்பதுதான் அங்கே முழு வேலையும்.

## அறிகுறி: நிறம் சேறாகிவிடுகிறது, அல்லது அச்சில் மங்குகிறது

திரையிலேயே சேறு என்றால், நிழலுக்குக் கறுப்பைக் கலக்கிறீர்கள். எருமையை வெயிலில் போய்ப் பாருங்கள். முதுகில் வானத்தின் நீலம், வயிற்றடியில் செம்மண்ணின் சூடு. கறுப்பு என்று சொல்ல மிகக் கொஞ்ச இடம்தான் மிஞ்சும். இன்னும் குழப்பமென்றால், மேலே ஒரு லேயரை சாம்பலால் நிரப்பி அதன் கலப்பு முறையைக் ‘கலர்’ என்று வையுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகும். அதிலும் விலங்கு பின்னணியிலிருந்து பிரிந்து தெரியவில்லை என்றால் கோளாறு நிறத்தில் இல்லை, வெளிச்ச அளவில்.

திரையில் நன்றாக இருந்து அச்சில் மட்டும் மங்கினால் அது உங்கள் தவறில்லை. மயில் கழுத்தின் நீலம் சாயமல்ல. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. திரை ஒளியால் அதை ஓரளவு எட்டுகிறது. அச்சில் கலக்கிற நான்கு மையில் அந்த நீலம் வராது. கிரிட்டாவில் அச்சு முன்னோட்டத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருக்கும் நிறங்களைத் தணித்தால் நீலம் தானாகத் தூக்கிக் காட்டும். நூறு பிரதிக்கு மேல் அடிக்கிறீர்கள் என்றால் அச்சகத்தில் அவர்களுடைய கலர் புரொஃபைலை (அவர்கள் இயந்திரத்தில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பை) கேட்டு வாங்குங்கள், ஒரு மாதிரிப் பிரதிக்கும் காசு கொடுங்கள். ஏ4 அளவுக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480×3508 பிக்ஸல் வேண்டும். சின்ன கேன்வாஸில் வரைந்துவிட்டுப் பெரிதாக்கினால் ரோமமெல்லாம் கூழாகும்.

## அறிகுறி: கோடு நடுங்குகிறது, வட்டம் முட்டையாகிறது

இது கருவியின் வேலையாகவும் இருக்கலாம், கையின் வேலையாகவும் இருக்கலாம். வரைகிற டேப்லெட்டின் மேல் ஸ்கேலைக் குறுக்காக வைத்து மெதுவாகக் கோடு இழுங்கள். ஸ்கேலை ஒட்டியும் கோடு அலையலையாக வந்தால் கருவி. நேராக வந்தால் கை. கை என்றால் தோளிலிருந்து வேகமாக இழுக்கப் பழகுங்கள், செயலியில் கோட்டு நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரைக் கொஞ்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி என்றால் இந்த வரிசையில் போங்கள். பேனா முனை தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு முயலுங்கள். சில சார்ஜர்களின் மின் இரைச்சல் கோட்டில் தெரியும். பழைய டேப்லெட்டின் டிரைவர் (அதைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) இன்னும் கணினியில் இருந்தால் நீக்குங்கள், இரண்டு டிரைவர்கள் சண்டை போடும். அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கவில்லை என்றால், கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பில் பேனா அழுத்தத்தைச் செயலிக்குச் சொல்லும் இரண்டு வழிகளான விண்டோஸ் இங்க், வின்டேப் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

வட்டத்துக்கு ஒரு பாட்டில் மூடி போதும். டேப்லெட்டின் மேல் வைத்துச் சுற்றி வரையுங்கள். திரையில் முட்டை வந்தால், டேப்லெட்டின் நீள அகலமும் திரையின் நீள அகலமும் ஒத்துப்போகவில்லை. டிரைவரில் விகிதத்தைப் பூட்டும் தெரிவு இருக்கும். ஒரு மாணவி வரைந்த நாய்கள் எல்லாம் குட்டையாக, தடித்து வந்தன. மூன்று வாரம் உடலமைப்பைத் திருத்திக்கொண்டிருந்தோம். பாட்டில் மூடி சோதனையை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து நடுக்கம் போகவில்லை என்றால் சர்வீஸ் சென்டர். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனாலோ, இரவில் அந்த மரப்பு தூக்கத்தைக் கலைத்தாலோ வரைவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

## அறிகுறி: தப்பு இல்லை, ஆனால் இது என் படமாகவும் இல்லை

பிரஷ்ஷும் செயலியும் வாராவாரம் மாறுகின்றன. உங்கள் கடைசிப் பத்துப் படங்களைத் திறந்து எத்தனை பிரஷ் என்று எண்ணுங்கள். ஆறேழுக்கு மேல் போனால் கை எதற்கும் பழகியிருக்காது. ஒரு மாதத்துக்கு இரண்டே பிரஷ், ஒரே கேன்வாஸ் அளவு, ஐந்தாறு நிறம்.

பார்ப்பதெல்லாம் ஒருவருடைய படம். 1515ல் லிஸ்பன் நகரத்துக்கு இந்தியாவிலிருந்து ஒரு காண்டாமிருகம் போய் இறங்கியது. ஆல்பிரெக்ட் டியூரர் அதை நேரில் பார்க்கவில்லை. யாரோ எழுதியனுப்பிய வர்ணனையையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்தே மர அச்சு செய்தார். தோலைக் கவசத் தகடுகளாக்கினார், முதுகில் இல்லாத சின்னக் கொம்பு ஒன்றை வைத்தார். அது மகத்தான படம், எனக்கு மிகப் பிடித்தது. ஆனால் அதைப் பார்த்து வரைந்தவர்கள் நீண்ட காலம் அந்தக் கொம்பையும் சேர்த்தே வரைந்தார்கள். இன்னொருவருடைய ஓவியத்தையோ கணினி உருவாக்கிய படத்தையோ ரெஃபரன்ஸாக வைத்தால் உங்களுக்கும் இதுதான் நடக்கும். அவருடைய தீர்மானமும் வரும், அவருடைய தவறும் வரும், இரண்டையும் பிரிக்க உங்களுக்குத் தெரியாது. பிடித்த ஓவியர்கள் மூன்று பேரை எடுத்து, ஒவ்வொருவரிடமும் பிடித்த ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். ‘அழகாக இருக்கிறது’ என்று எழுதக் கூடாது. ‘வயிற்றுக்கோட்டை வரையாமல் விட்டுவிடுகிறார்’ என்கிற மாதிரி எழுத வேண்டும்.

ஒவ்வொரு நாளும் வேறு விலங்கு. இன்று புலி, நாளை ஆந்தை என்றால் ஒவ்வொரு நாளும் அடிப்படையைத் தேடுவதிலேயே போய்விடும். ஒரே விலங்கை 30 நாள் எடுங்கள், தினமும் பார்க்கக் கிடைப்பதாக. முதல் பத்து நாள் பார்த்தபடியே. அடுத்த பத்து நாள் ஒவ்வொரு படத்திலும் ஒன்றைக் குறையுங்கள். கடைசிப் பத்து நாள் ஒன்றைக் கூட்டுங்கள்.

நான் எடுத்தது காகம். காலையில் சோறு வைக்கும் கைப்பிடிச் சுவரில் மூன்று வரும். முதல் வாரம் இறகு இறகாக வரைந்தேன், நன்றாகவே இல்லை. பதினான்காம் நாள் நேரமில்லாமல் கழுத்துச் சாம்பலை ஒரே தட்டையான வடிவமாக, ஓரம் வெட்டினாற்போல நிரப்பினேன். உடம்புக்குக் கறுநீலம், மூக்குக்கு ஒரே கீற்று. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும் அந்தச் சந்தேகம் முதல்முறையாக வந்தது. மறுநாளும் அப்படியே செய்தேன். பிறகு மைனாவுக்கும் அணிலுக்கும் அதே வெட்டிய ஓரம் தானாக வந்தது. இன்று என் படத்தைப் பெயர் பார்க்காமல் அடையாளம் சொல்கிறவர்கள் அந்த ஓரத்தைத்தான் சொல்கிறார்கள். நீங்களும் 30 படங்களையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்து, திட்டமிடாமல் திரும்பத் திரும்பச் செய்த மூன்று விஷயங்களைக் குறித்துவையுங்கள். அடுத்த விலங்குக்கு அவற்றை வேண்டுமென்றே செய்யுங்கள்.

மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தில் பின்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்று இருக்கிறது. கருங்கல்லில் ரோமம் செதுக்க வழியில்லை. அந்தச் சிற்பி கழுத்தின் திருப்பத்தையும் காலின் மடிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டார். அங்கே போகிற வாய்ப்புக் கிடைத்தால் அந்த மானின் முன்னால் அரைமணி உட்கார்ந்து, எதையெல்லாம் விட்டிருக்கிறார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

எப்போது காசு கொடுத்துக் கருத்துக் கேட்கலாம்: 30 நாளும் முடித்த பிறகு. தொழில்முறை ஓவியர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் போதும். ஒரு படத்தை மட்டும் காட்டினால் அந்தப் படத்தைத் திருத்துவார். பத்தைக் காட்டி, ‘இவற்றில் என்ன திரும்பத் திரும்ப வருகிறது?’ என்று கேளுங்கள்.

## அறிகுறி: பாணி வந்துவிட்டது, எல்லா விலங்குக்கும் ஒரே முகம்

‘என் பாணி அப்படித்தான்’ என்பார்கள். பாணியா, பிழையா என்று பிரிக்க வழி இருக்கிறது. நீங்கள் மாற்றி வரைகிற அந்தப் பகுதியை, காலோ கண்ணோ, ஒரே ஒருமுறை உள்ளபடி வரைந்து காட்டுங்கள். முடிந்தால் பாணி, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் மேலே அந்தந்தப் பகுதிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

பாணியேதான் என்றால், விலங்கு வளர்ப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள். காங்கேயம் பசுவையும் கன்றையும் அழகான சாம்பல் நிறத்தில் வரைந்திருந்தார் ஒருவர். மாடு வைத்திருக்கும் தன் மாமாவிடம் காட்டியதும், ‘கன்னுக்குட்டி செவலையால்ல இருக்கும், அப்புறந்தானே வெளுக்கும்’ என்றாராம். அன்றிரவே கன்றுக்குச் செவலை நிறம் கொடுத்து அனுப்பினார். கோடு ஒன்றுகூட மாறவில்லை. தாயும் கன்றும் இப்போது இரண்டு உயிராகத் தெரிந்தன.